மத்திய அரசும் தோட்டத்துப் பள்ளியும்

மத்திய அரசின் கை நீளலாமா, நீளக்கூடாதா என்று அரசியல் நூலோர் நெடுங்காலமாக வாதாடி வருகின்றனர். நீண்டால் உரிமை குன்றும் என்பர் ஒரு சாரார். நீளாவிடில் ஏழை பிழையான் என்பர் மற்றொரு சாரார். கற்றோர் அவையில் இவ்வழக்கு எளிதில் தீராது. ஆனால், தோட்டத்துப் பள்ளியொன்றில் மழைக்காலத்தில் பாடம் நடத்திய எவருக்கும் இவ்வழக்கில் மூன்றாவது பக்கமும் ஒன்று உண்டு என்பது தெரியும். அரசின் கை நீளும். பாதி வழியில் நின்றுவிடும். பாடநூலைத் தொடும், ஆசிரியரைத் தொடும், தேர்வுத் தாளைத் தொடும், கூரையைத் தொடாது. நீளாத அந்த மறுபாதியைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தேன்.

ஆசிரியர் பயிற்சி முடித்து 1994-ஆம் ஆண்டில் நான் முதன்முதலாகப் பணியேற்ற பள்ளி, கிள்ளான் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றினுள் இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை, மூன்று அறை, ஆறு வகுப்பு. மழை பெய்தால் இரண்டாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே மூலைக்கு ஒதுங்கும். தகரத்தின் மேல் மழை விழும் ஓசையில் என் குரல் எனக்கே கேளாது. கூரையை மாற்றித் தரவேண்டித் தலைமையாசிரியர் சொல்ல, நான் மூன்று கடிதங்கள் எழுதினேன். கல்வி இலாகாவிலிருந்து வந்த விடை: நிலமும் கட்டடமும் தோட்டத்துக்குரியவை, ஆகவே தோட்ட நிர்வாகத்தை அணுகுக. நிர்வாகத்தின் விடை: பள்ளி இப்போது அரசாங்கத்தினது, ஆசிரியர்க்குச் சம்பளம் தருவோரே கூரையும் தருதல் முறை. மாநில அலுவலகத்தின் விடை: கல்வி மத்திய அரசின் துறை. மூன்று விடைகளும் முத்திரையோடும் மரியாதையோடும் வந்தன. மூன்றுமே ஒரு வகையில் சட்டத்தோடு பொருந்தியவை என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். இறுதியில், பெற்றோரே ஆளுக்குப் பத்து வெள்ளி போட்டுப் பழைய தகரம் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கூரையை மாற்றினர். செம்பனைக் குலை வெட்டியவர்கள் அவர்கள். அன்று ஏணியில் நின்றவர்களுள் ஒருவர் என்னிடம், "வாத்தியாரய்யா, பள்ளிக்கூடம் யாருடையது?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை.

இன்று ஓரளவு தெரியும். அதைச் சொல்லச் சிறிது பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

இந்நாட்டில் தமிழ்க் கல்வியின் தொடக்கத்தை 1816-இல் பினாங்கு இலவசப் பள்ளியில் நடந்த தமிழ் வகுப்போடு இணைத்துப் பேசுவது நம் வழக்கம். அது நகரத்துக் கதை. தோட்டத்துப் பள்ளியைப் பிறப்பித்தது தொழிலாளர் சட்டம். கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ வாழும் தோட்டம் அவர்களுக்குக் கல்வி வசதி செய்து தரவேண்டும் என விதித்தது. கவனிக்கவேண்டுவது இதுதான்: கல்வியைக் கொடுக்கும் கடமை அன்று அரசின் தோளில் ஏற்றப்படவில்லை, துரையின் தோளில் ஏற்றப்பட்டது. துரைக்கு வேண்டியவர் பால்மரம் வெட்டுவோர். பள்ளிக்கூடம் என்பது குடும்பத்தோடு ஆள் சேர்ப்பதற்கான செலவுகளுள் ஒன்று. ஆகவே கிராணியோ எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ மாலையில் ஆசிரியரானார். மாட்டுக் கொட்டகைக்கும் கோயிலுக்கும் இடையில் ஒரு கொட்டகை பள்ளியாயிற்று. அந்தக் கொட்டகையின் நிலவுரிமை எவ்வாறு எழுதப்பட்டதோ, அவ்வாறே இன்றளவும் நம் தலையெழுத்தும் எழுதப்பட்டுள்ளது.

பின்னர் அரசு வந்தது. 1951-இன் பார்ன்ஸ் அறிக்கை இருமொழித் தேசியப் பள்ளியை முன்மொழிந்தது. தாய்மொழிப் பள்ளிகள் காலப்போக்கில் அதனுள் கரையும் என்பது அதன் எண்ணம். 1956-இன் ரசாக் அறிக்கை வேறு வழி கண்டது: மொழி வேறாயினும் பாடத்திட்டம் ஒன்றாகுக என்றது. அதன்வழி 1957-இன் கல்விச் சட்டம் பிறந்தது. 1960-இல் ரஹ்மான் தாலிப் அறிக்கை, 1961-இல் புதிய கல்விச் சட்டம். 1962 முதல் தொடக்கப் பள்ளிக் கட்டணம் நீங்கியது. இவை நற்பேறுகள். துரையின் தயவில் வாழ்ந்த ஆசிரியர், அரசாங்கச் சம்பளம் பெறும் பயிற்சி பெற்ற ஆசிரியரானார். இன்று தமிழ்ப்பள்ளி ஆசிரியராயிருக்கும் நாம் எல்லோரும் அந்த மாற்றத்தின் மக்கள். மத்திய அரசு கல்விக்குள் நுழைந்தது தவறு என்று நம்மில் எவரேனும் மேடையில் முழங்கினால், அவருடைய சம்பளச் சீட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஆனால் நுழைந்த அரசு வாயிற்படியிலேயே நின்றது. நிலம் அரசினதாயின் அப்பள்ளி முழு உதவி பெறும் பள்ளி. நிலம் தனியாருடையதாயின் பகுதி உதவி பெறும் பள்ளி. பாடத்திட்டமும் ஆசிரியரும் இரண்டுக்கும் ஒன்றே, தேர்வும் ஒன்றே, நாள்தோறும் பாடும் நாட்டுப்பண்ணும் ஒன்றே. கட்டடம் என்று வரும்போது மட்டும் ஒன்று மகன், மற்றொன்று மாற்றான் மகன். தமிழ்ப்பள்ளிகளில் சரிபாதிக்கு மேற்பட்டவை அந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. ஒரு குழந்தைக்கு நாடு எவ்வளவு கடமைப்பட்டுள்ளது என்பதை அக்குழந்தையின் கால் எவருடைய மண்ணில் நிற்கிறது என்பதைக்கொண்டு அளக்கும் முறை இது. இதனை உதவி என்று அழைப்பதே பிழை. உதவி செய்வோன் பாதியில் நிற்கலாம். கடமை செய்வோன் பாதியில் நிற்கலாகாது.

இதன் வேர் நம் அரசியலமைப்பிலேயே இருக்கின்றது. அதன் ஒன்பதாம் அட்டவணையைத் தமிழாசிரியர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் படித்தல் வேண்டும். கல்வி, மத்திய அரசின் பட்டியலில் உள்ளது. நிலம், மாநிலத்தின் பட்டியலில் உள்ளது. தோட்டமோ பட்டா பெற்ற நிறுவனத்தின் கையில். நகரத்துத் தேசியப் பள்ளிக்கு இந்த மூன்றும் எளிதில் ஒன்றுகூடும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு மூன்றும் மூன்று திசையில் நிற்கும். மாணவர் தொகை 150-க்குக் குறைந்தால் அது மாணவர் குறைந்த பள்ளி எனப் பெயர் பெறும். அதை மக்கள் குடியேறிய நகருக்கு மாற்றவேண்டுமாயின், நிலத்தை மாநிலம் தரவேண்டும், கட்டடச் செலவையும் அனுமதியையும் மத்திய அமைச்சு தரவேண்டும், பழைய இடத்தைப் பற்றித் தோட்ட உரிமையாளரிடம் பேசவேண்டும். மூவருள் ஒருவர் உறங்கினாலும் கோப்பு உறங்கும். நாடு விடுதலை பெற்றபோது ஏறத்தாழ 900 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530-ஐ ஒட்டி நிற்கின்றன. மூடப்பட்டவை எல்லாம் மாணவர் இன்மையால் மூடப்பட்டவை என்று சொல்வார்கள். மாணவர் எங்கே போனார்கள்? கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் பூச்சோங்குக்கும் போனார்கள். பள்ளி அவர்களோடு போகவில்லை, அவ்வளவுதான்.

போன பள்ளிகளும் சில உண்டு. சீபீல்டு தோட்டத்தின் பெயரைத் தாங்கிய பள்ளி சுபாங் ஜெயாவில் நிற்கின்றது. எஃபிங்ஹாம் தோட்டத்தின் பெயர் பண்டார் உத்தாமாவின் பேரங்காடிக்கு அருகில் ஒரு பள்ளியின் பெயர்ப்பலகையில் மட்டும் எஞ்சியிருக்கின்றது. அப்பிள்ளைகளிடம் தோட்டம் என்றால் என்ன என்று கேட்டால், அது பள்ளியின் பெயர் என்பார்கள்.

இனி, இந்நாட்டின் மாபெரும் சீர்திருத்தத்துக்கு வருவோம். 1969 மே கலவரத்துக்குப் பின், துன் அப்துல் ரசாக் பிரதமராயிருந்தபோது, 1971-இல் இரண்டாம் மலேசியத் திட்டத்தோடு புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. இரண்டு குறிக்கோள்கள்: இன வேறுபாடு பாராமல் வறுமையை ஒழித்தல், இனத்தையும் தொழிலையும் பிணைத்த கட்டை அவிழ்த்தல். அதுவரை காணாத அளவுக்கு மத்திய அரசு வளர்ந்தது அதன் பிறகுதான். வாரியங்களும் பொது நிறுவனங்களும் பெருகின; நகராட்சித் தேர்தல்கள் 1965-இலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன, 1976-இன் ஊராட்சிச் சட்டம் அவற்றுக்கு முற்றுப்புள்ளி வைத்தது; 1974 பிப்ரவரி முதல் நாள் கோலாலம்பூரே சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமாயிற்று. அக்கொள்கையின் இரண்டாம் குறிக்கோளைப் பற்றி ஊரெல்லாம் வாதாடிவிட்டது. நான் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை. என் வழக்கு முதற் குறிக்கோளைப் பற்றியது. இன வேறுபாடு பாராமல் என்று எழுதப்பட்ட அந்த வாக்கு, தோட்டத்து வாசலில் ஏன் நின்றது?

நிலக் குடியேற்றத் திட்டங்களுக்குச் சாலை சென்றது, குடிநீர் சென்றது, பள்ளி சென்றது. அவை அரசின் நிலம். கம்பங்களுக்கும் சென்றது. தோட்டத்து லயத்துக்குச் செல்லவில்லை. தோட்டம் தனியார் நிலம், அங்குள்ளோரின் நலம் முதலாளியின் பொறுப்பு என்றனர். 1923-இல் வெள்ளையர் அரசு சொன்ன அதே சொல்! விடுதலை பெற்ற நாட்டின் திட்ட ஏடுகளுக்கும் அக்காலத்துச் சட்டத்துக்கும் இடையே அரை நூற்றாண்டு ஓடியும், தோட்டத் தொழிலாளியின் பிள்ளை துரையின் கணக்கிலேயே எழுதப்பட்டிருந்தது. 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதார் வேலைக்கு அனுமதிச் சீட்டுப் பெறவேண்டியதாயிற்று. அதற்கு முன்பே தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு வந்தன. துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரின் காசைச் சேர்த்துத் தோட்டம் வாங்கப் புகுந்ததன் காரணம் இதுவே. அரசு செய்யவேண்டியதை ஏழைகள் தவணை கட்டிச் செய்துகொண்டனர். என் பள்ளிக்கூரைக்குத் தகரம் வாங்கிய பெற்றோருக்கும் அச்சங்கத்தின் பங்குதாரருக்கும் வேற்றுமை என்ன?

நம் நாட்டில் மத்திய அரசின் கை எங்கே நின்றது என்பது தெளிவாக வேண்டுமாயின், அது வேறொரு வகையில் நீண்ட நாடு ஒன்றையும் பார்க்கவேண்டும். அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் ஒரு காலத்தில் நம்மைப் போன்ற வாத்தியார் என்பது நம் மாணவர் பலருக்குத் தெரியாது. டெக்சஸ் மாநிலத்து ஆசிரியர்க் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோதே, 1928-இல், கொட்டுல்லா என்னும் சிற்றூரில் மெக்சிகக் கூலித் தொழிலாளரின் பிள்ளைகள் படித்த பள்ளிக்கு ஆசிரியராகச் சென்றார். தம் முதற் சம்பளத்தில் அப்பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள் வாங்கிக் கொடுத்தார் என்பர். (நம்மில் முதற் சம்பளத்தில் வெண்கட்டி வாங்கியோர் எத்தனை பேர்!) அதிபரான பின் அவர் தம் உள்நாட்டுச் சீர்திருத்தத்துக்கு ‘மகத்தான சமுதாயம்’ என்று பெயரிட்டார். அதன் ஒரு பகுதியாகத் தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டத்தை 1965 ஏப்ரல் 11-ஆம் நாள், தாம் சிறுவயதில் படித்த பள்ளியின் முன்னே, தம் முதல் ஆசிரியையைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு கையெழுத்திட்டார்.

அச்சட்டத்தின் சூட்சுமத்தை நாம் கற்கவேண்டும். அமெரிக்க அரசியலமைப்பில் கல்வி என்ற சொல்லே இல்லை. அது மாநிலங்களின் துறை. மத்திய அரசு பள்ளிக்குப் பணம் தர முயன்றபோதெல்லாம் மதப் பள்ளிக்குத் தரலாமா, கறுப்பரைப் பிரித்து வைக்கும் பள்ளிக்குத் தரலாமா என்ற பூசலில் முயற்சி முறிந்தது. ஜான்சனின் சட்டம் பணத்தைப் பள்ளியின் வகையோடு கட்டவில்லை. வறிய குடும்பத்துப் பிள்ளைகளின் தொகையோடு கட்டியது. எவ்வட்டாரத்தில் ஏழைப் பிள்ளை மிகுதியோ அங்கே பணம் மிகுதி. நிலம் யாருடையது என்ற கேள்வி முன்னிற்கவில்லை. பணம் பெறவேண்டின் நிறப் பாகுபாட்டைக் கைவிடவேண்டும் என்று முந்திய ஆண்டின் குடியுரிமைச் சட்டம் சொன்னது. அதனால் தெற்கு மாநிலங்களில், நீதிமன்றம் பத்தாண்டில் அசைக்க முடியாததைப் பணம் சில ஆண்டுகளில் அசைத்தது.

நான் அமெரிக்காவுக்கு ஆலத்தி எடுக்கவில்லை. 1969-இல் வெளிவந்த ஓர் ஆய்வறிக்கை, ஏழைப் பிள்ளைக்கென்று தந்த அப்பணம் பல வட்டாரங்களில் வேறு செலவுக்குப் போனதை வெளிச்சமிட்டது. சில இடங்களில் நீச்சல் குளம்கூட வெட்டினார்கள். பணம் அனுப்பும் கை நீண்டதே தவிர, கணக்குக் கேட்கும் கண் நீளவில்லை. 1981-இல் ரீகன் ஆட்சி அத்திட்டத்தைச் சுருக்கியது. ஆயினும் ஒன்று நிலைத்தது: அது சட்டம். அதிபர் மாறினும் பெயர் மாறினும் திருத்தத்துக்குமேல் திருத்தம் பெற்று, 2015-இலும் புதுப்பிக்கப்பட்டது.

இங்கோ, நமக்கு வந்தவை சட்டமாக வரவில்லை, செயற்குழுவாக வந்தன. 2007 நவம்பர் 25-ஆம் நாள் கோலாலம்பூர்ச் சாலையில் மக்கள் திரண்டனர். 2008 மார்ச்சுத் தேர்தலில் ஆட்சியாளர் அதிர்ந்தனர். அதன் பின்னரே பிரதமர் துறையில் நமக்கென அலகுகள் முளைத்தன. 2014-இல் செடிக், 2018-இல் அதுவே மித்ரா. பிறகு அது பிரதமர் துறைக்கும் ஒற்றுமைத் துறைக்கும் இடையே பந்தாக உருண்டது. 2017 ஏப்ரலில் மலேசிய இந்தியர் பெருந்திட்டம் அழகிய ஏடாக வெளிவந்தது. ஓராண்டில் ஆட்சி மாறியது. சிலாங்கூர் மாநிலமோ, கல்வி தன் துறையன்று என்றாலும் தமிழ்ப்பள்ளிக்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்கியது. கொடுத்ததைக் கொடுக்கவில்லை என்று சொல்லும் நன்றிகெட்டவன் அல்லேன் நான். பல பள்ளிகள் புதுக்கட்டடம் கண்டதும், வரவு செலவுத் திட்டங்களில் பராமரிப்புக்குத் தனித்தொகை வருவதும் உண்மை. ஆனால் அவை வந்த விதத்தைப் பாருங்கள். தேர்தலுக்கு முன் கதவளவு மாதிரிக் காசோலை வரும். தலைமையாசிரியர் ஒரு முனையைப் பிடிக்கவேண்டும், வாரியத் தலைவர் மறு முனையைப் பிடிக்கவேண்டும், நடுவில் தலைவர் சிரிப்பார். நானும் ஒருமுறை அம்முனையைப் பிடித்தேன். அப்படம் பள்ளி அலுவலகத்தில் தொங்கியது; கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். தேசியப் பள்ளித் தலைமையாசிரியர் கூரைக்காகக் காசோலை பிடித்து நிற்பதை நீங்கள் எங்கேனும் கண்டதுண்டா?

இங்கே நம்மவர் ஒரு தடை எழுப்புவர். "நிலத்தை அரசுக்குக் கொடுத்து முழு உதவி பெற்றால், நாளை பள்ளியின் மொழியை மாற்றிவிட மாட்டார்களா? பகுதி உதவியே நமக்குக் காவல்." இத்தடையை எள்ளி நகையாட மாட்டேன். 1961-இன் சட்டத்தில் 21-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, தேசிய மாதிரித் தொடக்கப் பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்றும் அதிகாரத்தை அமைச்சருக்கு அளித்திருந்தது. தலைமேல் கத்தி தொங்கும் வீட்டில் உறங்கியவர் அச்சப்படுவது இயல்பு. ஆயினும் 1996-இன் கல்விச் சட்டத்தில் அவ்வதிகாரம் இடம்பெறவில்லை. தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரண் என்று தொடுத்த வழக்கை 2021-இல் உயர் நீதிமன்றமும் 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்கவில்லை. இனியும் எவரும் முயலமாட்டார் என்று நான் உறுதி கூறவில்லை. நான் கேட்பது வேறு: காவல் காவல் என்கிறீர்களே, நிலம் யாருடையது?

சீனப் பள்ளி வாரியம் பகுதி உதவியைப் போற்றுகிறது. அவர்களுக்கு நிலம் வாரியத்தினது. பின்னே வணிகர் நிற்கின்றனர். அங்கே பகுதி உதவி என்பது தன்னாட்சி. பிரிக்பீல்ட்ஸ் போன்ற நகர்ப்புறத்தில் ஓர் ஆசிரமமோ சங்கமோ நிலத்தைக் காத்துவரும் பள்ளிக்கும் அவ்வாதம் ஒருவாறு பொருந்தும். அங்குக் கூட்டரசுப் பிரதேசத்தில் நிலமும் மத்திய அரசின் ஆளுகைக்கு உட்பட்டது, ஆகவே அலையவேண்டிய வாசல் ஒன்று குறைவு. ஆனால் அங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், கிள்ளான் ஆற்றுக்கு இப்பால், தோட்ட நிறுவனத்தின் பட்டாவுக்குள் ஓர் ஓரமாக நிற்கும் பள்ளிக்கு அது எப்படிப் பொருந்தும்? அங்கே பகுதி உதவி என்பது தன்னாட்சி ஆகாது, அநாதைத்தனம். நிறுவனம் நிலத்தை வீடமைப்புக்கு விற்கும் நாளில், நம் வாரியத்தின் காவல் என்ன செய்யும்? அரசைக் கண்டு அஞ்சி, நில வணிகனை நம்பியிருப்பது என்ன விவேகம்?

ஆகவே என் கோரிக்கை சுருக்கமானது. முழு உதவிக்கும் பகுதி உதவிக்கும் உள்ள கோட்டை, நிலத்தின்மேல் போடாமல் பிள்ளையின் வறுமையின்மேல் போடுக. அதனைச் செயற்குழுவாகச் செய்யாமல் கல்விச் சட்டத்திலேயே எழுதுக. பயிற்று மொழியை மாற்றலாகாது என்ற நிபந்தனையையும் அதே பிரிவில் எழுதுக. தோட்டம் வீட்டுமனையாக மாறும்போது பள்ளி நிலத்தை முதலில் பிரித்துப் பள்ளிக்கென ஒதுக்கிய பின்னரே மாநில அரசு நில மாற்றத்துக்கு ஒப்பளிக்க வேண்டும். நிலம் மாநிலப் பட்டியலில் இருப்பதால் இதைச் செய்ய எந்த மத்திய அமைச்சரின் கையெழுத்தும் தேவையில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் இனியும் விற்கப்படாத தோட்டம் எஞ்சியிருப்பது சிறிதே, காலமும் சிறிதே.

தமிழாசிரியர் இதில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நமக்கு அரசியல் வேண்டாம் என்று ஒதுங்குவது நம் பயிற்சிக் கல்லூரி நாள்முதல் வந்த பழக்கம். அரசாங்க ஊழியர் என்ற முறையில் நமக்கு எல்லையுண்டு. அதை நான் மீறச் சொல்லவில்லை. ஆனால் தம் பள்ளியின் நிலம் யார் பெயரில் உள்ளது, எத்தனை ஏக்கர், எந்த ஆண்டில் அளந்தது என்று அறிந்திருப்பதை எந்தச் சுற்றறிக்கையும் தடுக்கவில்லை. நன்னூல் சூத்திரத்தைத் தலைகீழாக ஒப்பிக்கும் நாம், நம் பள்ளியின் பட்டா எண்ணை அறியோம். சென்ற ஆண்டு, நான் இப்போது தலைமையாசிரியராக இருக்கும் பள்ளியின் வாரியக் கூட்டத்தில் அந்தப் பட்டாவைக் கேட்டேன். செயலாளர் முன்னாள் செயலாளரைப் பார்த்தார். அவர் பொருளாளரைப் பார்த்தார். வீட்டில் ஓர் இரும்புப் பெட்டியில் இருக்கக்கூடும் என்றார் ஒருவர். நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தித் தேடல் விண்ணப்பம் போட்டேன். வந்த தாளில் பள்ளியின் பெயர் இல்லை. தோட்டத்தின் பழைய பெயரும், அதன்மேல் ஒரு வங்கியின் அடமானமும் இருந்தன. அந்தத் தாளை நகலெடுத்து வாரிய உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் கொடுத்தேன். அடுத்த கூட்டம் வரும் மாதம் இரண்டாம் சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு.